விறகு பாய்லருக்குத் திரும்பும் தண்ணீர் 60 டிகிரிக்குக் குறையாமல் குழாய் இழுக்கும் முறை

குற்றாலம், தென்காசிப் பக்கத்து லாட்ஜுகளில் வெந்நீர் பாய்லர் ஓட்டை விழுந்தால் பழி முதலில் தகட்டின் மேல் போகும், அப்புறம் விறகின் மேல். பெரும்பாலும் கோளாறு, வெந்நீர் சேமிக்கும் டாங்கிலிருந்து பாய்லருக்குத் தண்ணீர் திரும்பும் குழாயில்தான். டாங்கின் அடியிலிருந்து 25, 30 டிகிரித் தண்ணீர் நேரே உள்ளே போனால் எவ்வளவு தீ எரிந்தாலும் உள்தகடு குளிர்ந்தே கிடக்கும். விறகுப் புகையில் நீராவி நிறைய உண்டு. தகட்டுச் சூடு ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்த ஆவி அதன்மேல் வேர்த்துப் படியும். அந்த ஈரத்தில் அசெட்டிக் அமிலம் இரும்பைத் தின்னும். கூடவே படியும் கரிப்பிசின் சூட்டைத் தண்ணீருக்கு விடாது. ஐப்பசி மழையில் நனைந்த சீமைக்கருவேல விறகென்றால் இன்னும் மோசம்.

தீர்வு எளிது. பாய்லரிலிருந்து வெளியேறும் சூடான தண்ணீரில் கொஞ்சத்தைத் திருப்பி, திரும்பும் தண்ணீரோடு கலந்து, 60 டிகிரி ஆன பிறகே உள்ளே விட வேண்டும். இதற்கு வேண்டியது 60 டிகிரியில் திறக்கத் தொடங்கும் மூன்று வாய் தெர்மோஸ்டாட் வால்வு. கையால் திருகும் வால்வை நம்ப வேண்டாம். ஒவ்வொரு முறை விறகு போடும்போதும் கணக்கு மாறும்.

50 கிலோவாட் பாய்லரை எடுத்துக்கொள்வோம். கிலோவாட்டுக்கு 50 லிட்டர் வீதம் 2,500 லிட்டர் டாங்க். வெளியே போவதற்கும் திரும்புவதற்கும் 20 டிகிரி வித்தியாசம் வைத்தால் 50 × 860 ÷ 20, அதாவது மணிக்குச் சுமார் 2,150 லிட்டர் ஓட வேண்டும். ஒன்றேகால் அங்குலக் குழாய் போதும். சிவப்புப் பட்டை போட்ட ஹெவி கிளாஸ் இரும்புக் குழாய் நல்லது. பாய்லர் பக்கம் பிவிசி, சிபிவிசி இரண்டும் கூடாது. கரண்ட் போனால் சூடு அவை தாங்கும் அளவைத் தாண்டிவிடும்.

இணைப்பு வரிசை இதுதான். டாங்கின் அடியிலிருந்து பால் வால்வு, ஸ்ட்ரெய்னர் (கசடு வடிகட்டி), பிறகு மூன்று வாய் வால்வின் A வாய். பாய்லரிலிருந்து டாங்குக்குப் போகும் மேல் குழாயில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, அங்கிருந்து வரும் பைபாஸ் B வாய்க்கு. கலந்த தண்ணீர் AB வாய் வழியே பம்புக்கும், பம்பிலிருந்து பாய்லரின் கீழ் வாய்க்கும் போகும். வால்வு பாய்லருக்கு ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். பம்பின் தண்டு கிடைமட்டமாக இருக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் காற்று சேர்ந்து பேரிங் போய்விடும். பாய்லரின் மேல் குழாய், கீழ் குழாய், டாங்கின் அடி ஆகிய மூன்று இடத்திலும் தெர்மாமீட்டர் கட்டாயம். அது இல்லாமல் பிறகு எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது.

குளிக்கிற தண்ணீரை இந்தச் சுற்றில் விடாதீர்கள். டாங்குக்குள் காயில் (சுருள் குழாய்) போட்டு அதன் வழியே எடுங்கள். தினமும் புதுத் தண்ணீர் வந்தால் ஆக்சிஜனும் கூடவே வரும், துரு பிடிக்கும். தாமிரபரணித் தண்ணீர் மென்மையானது. வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துப் போர்த் தண்ணீரானால் உப்பும் படியும்.

30 டிகிரியிலிருந்து 90 வரை சூடானால் தண்ணீர் சுமார் 3 சதவீதம் விரியும், இங்கே 80 லிட்டர். எனவே எல்லாவற்றுக்கும் மேலே 150 லிட்டர் இரும்புத் தொட்டி வையுங்கள். பாய்லரிலிருந்து அதற்கு ஏறும் வென்ட் குழாயில் எந்த வால்வும் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்: அந்தக் குழாய் அடைபட்டால் பாய்லர் வெடிக்கும்.

கரண்ட் போனால் பம்பு நிற்கும், விறகு நிற்காது. அதனால் டாங்கை பாய்லரைவிட உயரத்தில் வைத்து, மேல் குழாயை ஏற்றமாகவே கொண்டுபோங்கள். பம்பையும் மூன்று வாய் வால்வையும் சுற்றிக்கொண்டு டாங்க் அடியிலிருந்து பாய்லரின் கீழ் வாய்க்கு ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று. அதில் பாய்லர் பக்கம் மட்டும் தண்ணீரை விடும் ஸ்பிரிங் இல்லாத மடல் வால்வு, படுக்கைவாக்கில். பம்பு ஓடும்போது மடல் அழுத்தத்தில் மூடிக்கொள்ளும். பம்பு நின்றால் சூட்டின் ஓட்டமே திறந்துவிடும். ஸ்பிரிங் வால்வு போட்டால் அந்த மெல்லிய ஓட்டத்தால் திறக்க முடியாது.

முதல் தீ மூட்டும்போது பைபாஸைத் தொட்டுப் பாருங்கள். அதுதான் முதலில் சுட வேண்டும். டாங்கிலிருந்து வரும் குழாய் குளிர்ந்திருக்கும். கீழ் வாய் 60ஐத் தாண்டிய பிறகு A மெல்லத் திறக்கும். ஓட்டம் நிலைத்தபின் கீழே 60–65, மேலே 80–85 என்று நிற்கும்.

தீ நன்றாக எரிந்தும் கீழ் வாய் 40லேயே நின்றால் A, B மாறியிருக்கும், அல்லது வெல்டிங் கசடு சிக்கி வால்வு மூடாமல் இருக்கும். மேலே 95 ஆகியும் டாங்க் அடி சூடேறாவிட்டால் ஸ்ட்ரெய்னரைக் கழற்றிப் பாருங்கள், பம்பின் காற்றை விடுங்கள். சில வகை வால்வில் B முழுதாக மூடாது; டாங்க் கடைசிவரை சூடேற மறுக்கும். அதற்கு பைபாஸில் ஓட்டத்தைக் குறைக்கும் ஒரு பேலன்சிங் வால்வு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், கீழ் வாய் 60க்குக் குறையாத அளவு வரை மட்டும். தீ அணைந்த பிறகும் பம்பு ஓடினால் டாங்கின் சூடு புகைபோக்கி வழியே போய்விடும். மேல் குழாயில் தெர்மோஸ்டாட் கட்டி, 60க்குக் கீழே பம்பு நிற்கும்படி வையுங்கள்.