108 கட்டம், 108 ஷாட்: க்ரைம் காமிக்ஸைப் படமாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் உதவி இயக்குநர் என்னைப் பார்க்க வந்தார். கையில் பழுப்பேறிய துப்பறியும் காமிக்ஸ் ஒன்று. ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் பென்சிலால் ஷாட் எண் போட்டிருந்தார். முதல் பக்கத்தில் ஆரம்பித்துக் கடைசிப் பக்கம் வரை, ஒன்றுவிடாமல். "ஸ்டோரிபோர்டு ரெடி சார். நீங்க ஒரு தடவை பார்த்துட்டா போதும்" என்றார். ஸ்டோரிபோர்டு என்றால் படமெடுக்கும் முன் ஒவ்வொரு ஷாட்டையும் வரைந்துகொள்வது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் இதே பென்சிலோடு அலைந்தவன்தான். அதற்கப்புறம் ஏழெட்டுப் பேரை இதே கோலத்தில் பார்த்துவிட்டேன். உரிமை வாங்காமல் திரைக்கதை எழுதாதே, இரண்டு கோடிக் கதையை இருபது லட்சத்தில் எடுக்க நினைக்காதே என்பதையெல்லாம் சொல்ல நான் தேவையில்லை. விவரம் தெரிந்தவர்களும் போய் விழுகிற குழிகளை மட்டும் எழுதுகிறேன்.

கட்டம் வேறு, ஷாட் வேறு

முதலில் என் கதை. நண்பர் ஒருவர் பழைய அமெரிக்கத் துப்பறியும் காமிக்ஸ் பாணியில், வெறும் கறுப்பு வெள்ளையில் 18 பக்கக் கதை ஒன்று வரைந்திருந்தார். பக்கத்துக்கு ஆறு கட்டம். அதைக் குறும்படமாக எடுக்க ஒரு தயாரிப்பாளரும் கிடைத்தார். ஸ்டோரிபோர்டு என் பொறுப்பு. நான் செய்ததெல்லாம் கட்டங்களைப் பெரிதாக நகலெடுத்து எண் போட்டதுதான். 108 கட்டம், 108 ஷாட். 'நல்ல எண்ணா அமைஞ்சிருக்கே' என்று தயாரிப்பாளருக்கு ஏக சந்தோஷம்.

இரண்டு இரவில் முடிக்க வேண்டிய படம் நான்கு இரவு ஓடியது. மொத்தத்தையும் கெடுத்தது 41ஆம் கட்டம். ஒரு பழைய வீட்டின் மாடிப்படி. கீழே துப்பறிவாளன், கையில் எரியும் லைட்டர். மேல்படியில் கொலைகாரனின் ஷூ மட்டும். நடுவில் ஜன்னல், வெளியே மழை, கதவோரம் ஒரு பெண்ணின் முகம். மூன்று பலூன்கள்: அவன் "யார் அங்கே?" என்கிறான், அவள் "மேலே போகாதீங்க!" என்கிறாள், மேலே நிற்பவன் மனதுக்குள் ஏதோ நினைக்கிறான். காகிதத்தில் அற்புதமான கட்டம். இன்றைக்குப் பார்த்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

அதை அப்படியே எடுக்க வைட் லென்ஸ் போட்டோம். படிக்கட்டு முழுக்கத் தெரிந்தது, ஆட்கள் எறும்பாகிவிட்டார்கள். கிட்டே போனால் ஷூ வெளியே போய்விடும். லைட்டர் ஃபோகஸில் இருந்தால் ஷூ மங்கல், ஷூ தெளிந்தால் லைட்டர் மங்கல். மையால் வரைந்ததில் பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே கூர்மையில் இருக்கும். லென்ஸுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. மழைக்கு வந்த தண்ணீர் லாரி வாசலில் மணிக்கணக்கில் நின்றது. கடைசியில் ஒருவழியாக ஃபிரேம் அமைந்தபோது நடிகர் ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பொண்ணு பேசி, மேல இருக்கறவர் யோசிச்சு முடிக்கற வரைக்கும் நான் லைட்டரைக் கொளுத்திக்கிட்டே நிக்கணுமா?" ஆமாம் என்றோம். மூன்றாவது டேக்கில் அவர் கட்டைவிரல் கொப்பளித்துவிட்டது.

நாங்கள் கவனிக்கத் தவறியது இதுதான்: அந்த ஒரு கட்டத்துக்குள் ஏழெட்டு விநாடி இருக்கிறது. வாசகனின் கண் இடது பலூனில் ஆரம்பித்து, படியேறி, ஷூவைப் பார்த்துத் திடுக்கிட்டு, மறுபடி அவள் முகத்துக்கு இறங்குகிறது. அதுவே ஐந்து ஷாட்டுக்கான வேலை. அந்த எடிட்டிங்கை வாசகனே மனதில் செய்துகொள்கிறான், எவ்வளவு நேரம் நிற்பது என்பதையும் அவனே முடிவு செய்கிறான். படத்தில் அந்த அதிகாரம் பார்வையாளனிடம் இல்லை.

இதைவிடப் பெரிய அடி எடிட்டிங் மேசையில் விழுந்தது. காமிக்ஸ்காரர் ஓர் அசைவின் உச்சத்தைத்தான் வரைவார்: ஓங்கிய கை, பாதி திறந்த கதவு, சுட்ட துப்பாக்கியின் புகை. நாங்கள் நடிகர்களை அந்த உச்சத்தில் நிறுத்தி, 'ஆக்‌ஷன்' சொல்லி, வசனம் முடிந்ததும் 'கட்' சொல்லியிருந்தோம். எந்த ஷாட்டுக்கும் தலையும் இல்லை, வாலும் இல்லை. கை ஓங்கப் போகும் தருணம் இல்லை, அடித்த பிறகு மூச்சு வாங்கும் தருணம் இல்லை. அசைவின் மேல் வெட்டி ஒட்டத்தான் எடிட்டருக்குத் தெரியும். சிலைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? 108 ஷாட்டையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தார். ஒன்பது நிமிடம் வந்தது. "கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இரண்டு கட்டத்துக்கு நடுவே இருக்கும் அந்த வெள்ளைச் சந்தில்தான் பாதிக் கதை நடக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த இடைவெளியை நாங்கள் படமெடுக்கவே இல்லை.

இன்றும் யாராவது பென்சில் எண் போட்ட புத்தகத்தை நீட்டினால் எரிச்சல் வருவது இதனால்தான். நஷ்டம் என்னுடையதாக மட்டும் இருந்திருந்தால் மறந்திருப்பேன். அந்தத் தயாரிப்பாளர் அப்புறம் படமே எடுக்கவில்லை.

இப்போது நான் செய்வது வேறு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே வரி எழுதிக்கொள்வேன்: இந்தப் பக்கத்தின் ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் என்ன மாறுகிறது? அதோடு புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிடுவேன். அந்த வரிகளை வைத்துத்தான் ஷாட் பிரிப்பேன். எல்லாம் முடிந்த பிறகு புத்தகத்தைத் திறந்து, விடவே முடியாத மூன்று நான்கு கட்டங்களை மட்டும் உள்ளே கொண்டுவருவேன். மற்றவை போகட்டும்.

"அப்போ சின் சிட்டி?"

இந்தக் கேள்வி வராமல் இருந்ததே இல்லை. 2005இல் ராபர்ட் ரோட்ரிகஸ் 'சின் சிட்டி' காமிக்ஸைக் கட்டத்துக்குக் கட்டம் படமாக எடுத்து ஜெயிக்கவில்லையா என்பார்கள். எடுத்தார். எப்படி எடுத்தார் என்பதையும் பாருங்கள். வரைந்த ஃபிராங்க் மில்லரையே கூட இயக்குநராக உட்கார வைத்தார். இரண்டு பேர் பெயரைப் போட இயக்குநர் சங்க விதி இடம் தராததால் சங்கத்தை விட்டே வெளியேறினார். டெக்ஸஸில் தன் சொந்த ஸ்டூடியோவில் பச்சைத் திரைக்கு முன்னால் நடிகர்களை நிறுத்தி, நகரத்தைக் கணினியில் கட்டினார். படத்தில் மிக்கி ரூர்க்கும் எலைஜா வுட்டும் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள். படப்பிடிப்பில் இருவரும் சந்தித்துக்கொண்டதே இல்லை. மையின் கறுப்பு வேண்டுமென்றால் வெளிச்சத்தை அந்த அளவுக்குக் கையில் வைத்திருக்க வேண்டும். ராயபுரத்தில் வாடகைக்கு எடுத்த மாடிப்படியில் அது நடக்காது. அங்கே கறுப்பு சாம்பலாகும், சாம்பலில் புள்ளி பூக்கும்.

இன்னொன்று. மில்லரின் பக்கங்களே சினிமா பார்த்து வரைந்தவை. பக்கம் முழுக்க ஒரே படம், கூடவே ஓடும் மனக்குரல். அதே மில்லர் 2008இல் வில் ஐஸ்னரின் 'ஸ்பிரிட்'டைத் தனியாக இயக்கியபோது அதே கறுப்பு வெள்ளைச் சிவப்பை அங்கேயும் பூசினார். ஐஸ்னர் 1940இல் தொடங்கிய அந்தக் கதைகள் ஞாயிறு இணைப்பில் வந்த ஏழு பக்கச் சிறுகதைகள். ஈரமான தெருக்களும் சாதாரண மனிதர்களும் கிண்டலும் கலந்தவை. படம் ஓடவில்லை. ஒரு புத்தகத்துக்குத் தைத்த சட்டை அடுத்த புத்தகத்துக்குப் பொருந்தும் என்று அதை வரைந்தவரே நம்பி ஏமாந்திருக்கிறார்.

வில்லன்களை மொத்தமாக இறக்குவது

செஸ்டர் கோல்ட் 1931இல் 'டிக் ட்ரேசி' என்ற துப்பறியும் தொடரைச் செய்தித்தாளில் தொடங்கி 1977 வரை வரைந்தார். ஒரு வில்லனை அறிமுகப்படுத்தினால் மாதக்கணக்கில் அவனோடு இருப்பார். தட்டையான தலை கொண்ட ஃப்ளாட்டாப் 1943 கடைசியில் வந்து 1944இல்தான் செத்தான். தினமும் நான்கு கட்டமாக அவனைப் பார்த்துப் பழகியதால்தான் வாசகர்களுக்கு அவன் சாவு ஒரு சாவாகத் தெரிந்தது.

1990இல் வாரன் பேட்டி எடுத்த படத்தில் ஃப்ளாட்டாப், புரூன்ஃபேஸ், மம்பிள்ஸ், இட்சி என்று ஒரு கூட்டமே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். ஒப்பனைக்கு ஆஸ்கர் கிடைத்தது, தகுதியான ஆஸ்கர். ஆனால் அவர்களில் எத்தனை பேர் உங்களுக்கு நினைவிருக்கிறார்கள்? எனக்கு மம்பிள்ஸ் மட்டும்தான், அதுவும் ஒரு விசாரணைக் காட்சி முழுசாகக் கிடைத்ததால். மற்றவர்கள் மாறுவேடப் போட்டிக்கு வந்த பிள்ளைகள். நாற்பது வருடம் சேர்த்த சொத்தை இரண்டு மணி நேரத்தில் பந்தி வைத்தால் இலையில் எதுவும் ருசிக்காது. ஒருவனை எடுங்கள். ரொம்ப ஆசையாக இருந்தால் இரண்டு.

அந்தப் படத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது நிறம். பழைய ஞாயிறு அச்சு போல ஏழே நிறம், அதுவும் ஒவ்வொன்றும் ஒரே சாயலில். செட், உடை, ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டோராரோவின் விளக்குகள் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கின. காமிக்ஸிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அதில் கறாராக நிற்பது என்றால் அதுதான்.

தொப்பி

விளிம்பின் நிழல் காகிதத்தில் அழகு. திரையில் நடிகரின் கண் காணாமல் போய்விடும். அரை அங்குலம் பின்னால் தள்ளுங்கள்.

பெட்டி வாசகத்தைப் பின்னணிக் குரலாக்குவது

கட்டத்தின் தலையில் இருக்கும் பெட்டியில் 'அன்று இரவு மழை பெய்தது' என்று இருக்கும். திரையிலும் மழை பெய்யும், மேலே ஒரு கரகரத்த குரலும் அன்று இரவு மழை பெய்தது என்று சொல்லும். டப்பிங் தியேட்டரில் கேட்கும்போது கம்பீரமாகத்தான் இருக்கும், அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

'ரோடு டு பெர்டிஷன்' 1998இல் வந்த கிராபிக் நாவல், அதாவது நாவல் போல நீண்ட காமிக்ஸ். எழுதிய மாக்ஸ் ஆலன் காலின்ஸ், கோல்ட் ஓய்வு பெற்றதும் டிக் ட்ரேசியை எழுத வந்தவர். புத்தகத்தில் தாதாவின் அடியாள் ஒருவனின் மகன் கதை சொல்வான், அவன் குரல் நம்மைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகும். 2002இல் சாம் மெண்டஸ் அதைப் படமாக்கியபோது அந்தக் குரலை முதலிலும் கடைசியிலும் வைத்துவிட்டு நடுவே வாயை மூடிக்கொண்டார். அதில் மழைத் தெருவில் ஒரு துப்பாக்கிச் சூடு வரும். இருட்டிலிருந்து குண்டுகள் பறக்கும், ஆட்கள் ஒவ்வொருவராக விழுவார்கள், சத்தமே இருக்காது. இசை மட்டும். தாதாவான கிழவர் ரூனியும் சுடுபவனான அந்த அடியாளும் முகத்துக்கு முகம் நின்ற பிறகுதான் துப்பாக்கி வெடிக்கும் ஓசை நம் காதுக்கு வரும். அந்த இரவை ஒளிப்பதிவு செய்த கான்ராட் ஹாலுக்கு ஆஸ்கர் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. பெட்டி வாசகம் செய்ய வேண்டிய வேலையை அங்கே மழையும் மௌனமும் செய்கின்றன. உங்கள் பெட்டிகளை எல்லாம் அடித்துவிட்டு ஒரு தடவை திரைக்கதையைப் படித்துப் பாருங்கள். புரியாமல் போகும் இடத்தில் மட்டும் ஒன்றைத் திரும்ப வையுங்கள்.

'டுமீல்' என்று திரையில் எழுத்து போடுவது

வேண்டாம்.

மூலக்கதையைப் பார்த்துக் கண்ணடிப்பது

'இது வெறும் காமிக்ஸ்தானே, நாங்களும் சும்மா விளையாடுகிறோம்' என்று படமே பார்வையாளனிடம் சொல்வது. நம் ஊரில் 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகி மாடஸ்டி பிளைசி. அந்தத் தலைமுறைக்கு அவள் யாரென்று நான் விளக்க வேண்டாம். பீட்டர் ஓ'டானல் எழுதிய அந்தச் சாகசத் தொடரின் உயிர் மாடஸ்டிக்கும் அவள் கூட்டாளி வில்லி கார்வினுக்கும் நடுவில் இருக்கும் உறவு. உயிரைக் கொடுப்பார்கள், காதலிக்க மாட்டார்கள். 1966இல் ஜோசப் லோசி எடுத்த படத்தில் இருவரும் டூயட் பாடுகிறார்கள். மோனிகா விட்டி, டெரன்ஸ் ஸ்டாம்ப் என்று ஆட்களுக்குக் குறைச்சல் இல்லை. கோட்டைத் தாண்டாமல் நிற்பதில்தான் அந்த இருவரின் கௌரவமும் இருந்தது. அதைக் கேலிப்பொருளாக்கிய பிறகு மிச்சம் உடை அலங்காரம்தான்.

விளையாட்டு கூடாது என்பதில்லை. மிலானில் கியூசானி சகோதரிகள் 1962இல் தொடங்கிய 'டயபாலிக்' என்ற திருடனின் காமிக்ஸை 1968இல் மரியோ பாவா படமாக்கினார். படம் முழுக்கக் கூத்துதான். பாதாளக் குகை, பணக்கட்டுகள் மேல் படுக்கை. ஆனால் திருடனும் அவன் காதலி ஈவாவும் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையில் கிண்டல் இருக்காது. சுற்றியிருக்கும் உலகத்தைக் கேலி செய்யலாம், நடுவில் இருக்கும் இரண்டு பேரை விட்டுவிடுங்கள்.

பின்பாதியைத் தூக்கிப்போடத் தயங்குவது

ஜான் வாக்னர் எழுதி வின்ஸ் லாக் வரைந்த 'எ ஹிஸ்டரி ஆஃப் வயலென்ஸ்' 1997இல் வந்தது. பின்பாதி கொடூரச் சித்திரவதை பக்கம் போய்விடும். ஜாஷ் ஓல்சனின் திரைக்கதை அதைத் தொடவில்லை. கணவன் மறைத்து வைத்திருந்த பழைய பெயர் தெரிந்த பிறகு மனைவி அவனோடு எப்படி ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவாள் என்ற பக்கம் திரும்பிவிட்டது. 2005இல் அதைப் படமாக்கிய டேவிட் க்ரோனன்பெர்க், இதற்கு மூலம் ஒரு கிராபிக் நாவல் என்பதே ஆரம்பத்தில் தனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை. புத்தகத்தை மறப்பதற்கு நாங்கள் படும் பாடு அவருக்கு இருக்கவில்லை.

அந்த உதவி இயக்குநரின் காமிக்ஸ் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. திரைக்கதை முதல் வடிவத்தை முடித்துக்கொண்டு வந்தால் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். நேற்று போன் செய்தார். "சார், அந்த 43ஆம் பக்கத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்களேன்." அனுப்பவில்லை.