முக அமைப்புக்கு ஏற்ற சிகையலங்காரம்: தேர்வில் நேரும் தவறுகள்

முகத்துக்குப் பொருந்தும் முடிவெட்டைத் தேடுவோரில் பலர், தேடலைத் தொடங்கும் முன்பே முகத்தைத் தவறாக அளந்துவிடுகிறார்கள். கைப்பேசியை நீட்டிப் பிடித்து எடுத்த செல்ஃபியைப் பார்த்தே தமக்கு நீள்முகம் என்றோ ஒடுங்கிய முகம் என்றோ முடிவுகட்டிவிடுகிறார்கள். கேமரா மிக அருகில் இருக்கும்போது மூக்கும் அதை ஒட்டிய பகுதியும் பெரிதாகவும், காதோரமும் தாடையோரமும் சிறுத்தும் பதிவாகும். ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் எடுக்கும் படத்தில், முகத்தின் அகலத்தோடு ஒப்பிட, மூக்கு சுமார் 30 விழுக்காடு அகன்று தெரியும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆகவே, முடி முழுவதையும் பின்னுக்கு வாரிக் கட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, நெற்றி, கன்ன எலும்பு, தாடை ஆகியவற்றின் அகலத்தையும், முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரையிலான நீளத்தையும் அளவுநாடாவால் அளந்து பார்ப்பதே நம்பத்தக்க வழி. நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து தாடை வளைந்திருந்தால் வட்டமுகம். தாடை கோணமாக இருந்தால் சதுரமுகம். நீளம் வெகுவாகக் கூடினால் நீள்முகம். உண்மையில் பெரும்பாலோருக்கு வாய்த்திருப்பது இவற்றில் இரண்டின் கலப்புதான்.

இதனால்தான் வடிவத்தின் பெயரைக் கண்டுபிடித்து, எந்த முகத்துக்கு எந்த வெட்டு என்று சொல்லும் அட்டவணையில் அதற்கு நேரே எழுதியிருக்கும் வெட்டைக் கேட்பது ஏமாற்றத்தில் முடிகிறது. முடி முகத்தைப் பார்வைக்கு மாற்றுவது முக்கியமாக இரண்டு வகையில்: அது எந்த இடத்தில் முடிகிறதோ அங்கே கண் நிற்கிறது; எந்த இடத்தில் அடர்ந்து புடைக்கிறதோ அங்கே முகம் அகலமாகத் தோன்றுகிறது. இந்த இரண்டையும் கவனித்தால் அட்டவணையே தேவைப்படாது. வட்டமுகம் உடையவர் முகவாய் மட்டத்தில் ஒரே கோடாக நிற்கும் பாப் கட்டை வெட்டிக்கொள்ளும்போது, கன்னத்தின் அகலத்தை அவரே அடிக்கோடிட்டுக் காட்டுகிறார். அதே பாப் மூன்று விரற்கடை இறங்கி, உச்சியில் சற்று உயரமும் கோண வகிடும் சேர்ந்தால் முகம் நீண்டு தெரியும். நீள்முகத்துக்கு இதற்கு நேர்மாறானது பொருந்தும் என்பதால், உச்சியைத் தூக்கி வாரி, பக்கவாட்டில் ஒட்ட வெட்டும் ஃபேட் போன்றவை அம்முகத்தை இன்னும் இழுத்துவிடும். நெற்றியில் விழும் முடியும் காதோர அடர்த்தியுமே அதற்கு உதவும். சதுரமுகத்தில் தாடைக் கோணத்திலேயே முடியின் நுனி நிற்பதும், அகன்ற நெற்றியும் கூர்ந்த முகவாயும் உள்ளவர் உச்சியிலேயே அடர்த்தியைக் குவிப்பதும் இதே வகைப் பிழைகள்.

முகவாய்க்கு அடியில் பென்சிலைக் கிடையாகவும் காதுச்சோணையின் அடியிலிருந்து அளவுகோலைச் செங்குத்தாகவும் பிடித்து, காதடியிலிருந்து இரண்டும் சந்திக்கும் இடம் வரையிலான தூரம் 5.7 செ.மீ.க்குக் குறைந்தால் குட்டை முடி பொருந்தும் என்றொரு விதி உலவுகிறது. அது தாடையின் அமைப்பைப் பற்றி மட்டுமே ஏதோ சொல்கிறது. முடியின் அடர்த்தியையோ கழுத்தின் நீளத்தையோ அது அறியாது. வேடிக்கைக்காகச் செய்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

முகத்தை மட்டும் பார்த்து முடியின் இயல்பை மறப்பது எல்லாவற்றினும் பெரிய தவறு என்று சொல்வேன். ஈரமான முடி நீண்டு படியும், காய்ந்ததும் சுருங்கும். சுருள்முடிக்காரர் ஒருவரின் முன்முடியை நனைத்து, சீப்பால் இழுத்துப் பிடித்து, புருவ மட்டத்தில் வெட்டினால், அது காய்ந்தபின் நடுநெற்றிக்கு ஏறி நின்றுவிடும். சுருள் முடியைக் காய்ந்த நிலையில் வெட்டச் சொல்வது, அல்லது தாராளமாக நீளம் விட்டு வெட்டச் சொல்வது நல்லது. நெற்றியோரத்தில் சுழி உள்ளவருக்கு நேராக விழும் முன்முடி அந்த இடத்தில் பிளந்து தூக்கிக்கொண்டேயிருக்கும். மெல்லிய முடியில் லேயர்களை, அதாவது வெவ்வேறு நீளத்தில் வெட்டும் அடுக்குகளை, கூட்டினால் நுனி இன்னும் மெலிந்து போகும்.

பிடிக்காத பகுதியை முடியால் மூடிவிடலாம் என்று இருபுறமும் திரைபோலத் தொங்கவிடுவோர், இடையில் தெரியும் குறுகிய பட்டையை நோக்கியே பிறர் பார்வையைத் திருப்புகிறார்கள். முகம் ஒடுக்கமாகத் தெரிய வேண்டும் என்று நாள்தோறும் இறுக்கி இழுத்துக் கட்டுவதோ, காலப்போக்கில் நெற்றியோர முடி உதிரவே காரணமாகும். ஆண்கள் தாடியையும் கிருதாவையும் கணக்கில் சேர்ப்பதில்லை: பக்கவாட்டில் அடர்ந்த தாடி முகத்தை அகலமாக்கும், முகவாயில் மட்டும் நீண்ட தாடி நீட்டும், எந்த வெட்டாக இருந்தாலும் இவற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கண்ணாடி அணிபவர் அதைப் போட்டுப் பாராமல் முன்முடியின் நீளத்தை முடிவு செய்யக் கூடாது.

முடிதிருத்துநரிடம் ஒரே ஒரு படத்தைக் காட்டுவதும் போதாது. படத்தில் இருப்பவரின் முடி, ஹேர் ட்ரையரால் ஊதி, வாரி, ஒளியமைத்து எடுக்கப்பட்டது. தம் முடியைப் போன்ற முடி உள்ளவர்களின் மூன்று நான்கு படங்களைக் காட்டி, காலையில் எத்தனை நிமிடம் செலவிட முடியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'கொஞ்சம் குறையுங்கள்' என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். நுனி எங்கே நிற்க வேண்டும் என்பதை விரல் வைத்துக் காட்டிவிடலாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. முதல் 1.25 செ.மீ. வரையே வளர்வதால், புருவத்தில் வெட்டிய முன்முடி முகவாயைத் தொட ஓராண்டு வரை ஆகலாம். எனவே முதல் முறை 2 செ.மீ. கூடுதலாகவே விட்டு வெட்டிக்கொண்டு, இரண்டு மூன்று முறை வீட்டில் தலைகுளித்துக் காயவிட்டுப் பார்த்த பிறகு மிச்சத்தைக் குறைத்துக்கொள்வது மேல்.