வங்கிப் பங்குக்கு பிஇ பார்ப்பது எப்படி? ஸ்டேட் வங்கியை வைத்து ஒரு கணக்கு

2019 மே மாதம் ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவின் ஆண்டு முடிவு வந்ததும் பிடிஎஃபைத் திறந்து பங்கு ஒன்றுக்கான லாபத்தைத் தேடினேன். 97 பைசா என்று இருந்தது. பங்கின் விலையோ முந்நூறு ரூபாய்க்கு மேல். வகுத்துப் பார்த்தால் பிஇ, அதாவது பங்கு ஒன்றுக்கான லாபத்தைப் போல விலை எத்தனை மடங்கு என்ற எண், முந்நூறைத் தாண்டியது. இவ்வளவு விலை கொடுத்து யார் வாங்குவார்கள் என்று நினைத்து, பிஇ 8 என்று காட்டிய ஒரு சிறிய தனியார் வங்கியின் பங்கை வாங்கினேன். அடுத்த ஆண்டே அந்த வங்கி நஷ்டம் காட்டியது. போட்டதில் பாதிதான் கைக்குத் திரும்பியது.

எங்கே தவறினேன் என்று புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. புரிந்த பிறகு எந்த வங்கிப் பங்கைப் பார்த்தாலும் இந்த வரிசையில்தான் கணக்குப் போடுகிறேன். நான் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் கிடையாது. இங்கே ஸ்டேட் வங்கி வருவது உதாரணத்துக்காக. வாங்குங்கள் என்றோ விற்றுவிடுங்கள் என்றோ சொல்வதற்காக இல்லை.

டீமேட் கணக்கு, நிதியாண்டு, காலாண்டு எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: எண்களை எங்கே எடுப்பது

மொபைல் ஆப்பில் விலைக்குக் கீழே ஒரு பிஇ இருக்கும். அதை எடுக்காதீர்கள். எந்த லாபத்தை வைத்து வகுத்தார்கள் என்று பெரும்பாலான ஆப்கள் சொல்வதில்லை. பத்து வருடக் கணக்கை ஒரே பக்கத்தில் மேலோட்டமாகப் பார்க்க ஸ்க்ரீனர் தளம் நல்லது. ஆனால் கணக்கில் போடும் எண்ணை வங்கியின் இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதியில் இருக்கும் காலாண்டு முடிவு பிடிஎஃபிலிருந்தே எடுங்கள். ஸ்டேட் வங்கி ஒவ்வொரு காலாண்டும் ஆய்வாளர்களுக்காக ஒரு பிரசன்டேஷனும் போடுகிறது. செயல்பாட்டு லாபம், ஒதுக்கீடு, மொத்தக் கடன், வாராக்கடன் சதவீதம் எல்லாம் அதிலேயே கிடைத்துவிடும் (இவை என்ன என்று படி 3இல் சொல்கிறேன்). எழுதி வைக்க கூகுள் ஷீட்ஸ் போதும். விலையை அது தானாகவே கொண்டுவந்துவிடும் என்பதால் எக்செலை விட எனக்கு இதுதான் வசதி.

படி 2: எந்த லாபம்?

வங்கிக்கு இரண்டு லாபம் உண்டு. வங்கியின் தனிக் கணக்கு ஒன்று. துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு இன்னொன்று. 2024-25இல் ஸ்டேட் வங்கியின் தனிக்கணக்கு லாபம் 70,901 கோடி ரூபாய். ஒருங்கிணைந்த லாபம் 77,561 கோடி. 2025 மார்ச் இறுதியில் விலை 771 ரூபாய். முதல் லாபத்தில் வகுத்தால் பிஇ 9.7, இரண்டாவதில் வகுத்தால் 8.9. இரண்டுமே சரிதான். ஆனால் ஒரு வங்கிக்குத் தனிக்கணக்கையும் இன்னொரு வங்கிக்கு ஒருங்கிணைந்ததையும் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கு வருவீர்கள். இந்த வித்தியாசத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். 2021 மார்ச் இறுதியில் தேசியப் பங்குச் சந்தை, 50 பெரிய நிறுவனங்களின் குறியீடான நிஃப்டியின் பிஇயைத் தனிக்கணக்கிலிருந்து ஒருங்கிணைந்த கணக்குக்கு மாற்றியபோது, 40 அளவில் இருந்த எண் ஒரே நாளில் 33 அளவுக்கு இறங்கியது. அன்று சந்தை ஒன்றும் சரியவில்லை.

வங்கிக்கு நான் தனிக்கணக்கைத்தான் எடுக்கிறேன். ஏனென்றால் அடுத்து வரும் ஒதுக்கீட்டுக் கணக்கு அதில்தான் சுத்தமாக வரும். துணை நிறுவனங்களைப் பிறகு தனியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. காலாண்டு முடிவில் பங்கு ஒன்றுக்கான லாபம் என்று இருப்பது அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் உரியது. அதை வைத்து வகுத்தால் பிஇ நான்கு மடங்காகத் தெரியும். கடைசி நான்கு காலாண்டுகளைக் கூட்டித்தான் வகுக்க வேண்டும்.

படி 3: லாபத்தை நிமிர்த்துவது

நான் விழுந்த இடம் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

சோப்புக் கம்பெனி சோப்பை விற்றுக் காசை வாங்கிவிட்டால் அந்த வியாபாரம் அன்றோடு முடிந்தது. வங்கி விற்பது கடன். இன்று கொடுத்த கடன் நல்லதா கெட்டதா என்பது மூன்று, நான்கு வருடம் கழித்துத்தான் தெரியும். தவணை 90 நாளைத் தாண்டி நின்றுவிட்டால் அது வாராக்கடன் கணக்கில் போகும். அதற்காக லாபத்திலிருந்து ஒரு தொகையை வங்கி ஒதுக்கி வைத்தாக வேண்டும். நல்ல காலத்தில் ஒதுக்கீடு சிறியது, லாபம் பெரியது. கெட்ட காலத்தில் முன்பு கொடுத்த கடன்களுக்கெல்லாம் சேர்த்து ஒதுக்க வேண்டியிருக்கும், லாபம் காணாமல் போகும். ஆக, பிஇயில் கீழே நிற்கும் எண்தான் வருடத்துக்கு வருடம் ஆடுகிறது.

ஸ்டேட் வங்கிக்கு நடந்ததும் இதுதான். 2015இல் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளின் கடன் தரத்தையும் தோண்டிப் பார்க்க ஆரம்பித்தது. மறைந்திருந்த வாராக்கடன்கள் அடுத்த சில வருடங்களில் வெளியே வந்தன. 2018 மார்ச்சில் ஸ்டேட் வங்கியின் மொத்த வாராக்கடன் 10.91 சதவீதம், அந்த ஆண்டு 6,547 கோடி நஷ்டம். நஷ்டம் என்றால் பிஇ என்று ஒன்று இல்லவே இல்லை. அதற்குப் பிறகான ஆண்டுகளை மார்ச் இறுதி விலையோடு நான் எழுதி வைத்திருப்பது:

2018-19: பங்கு லாபம் 0.97, விலை 321, பிஇ 331
2019-20: 16.23, விலை 197, பிஇ 12
2020-21: 22.87, விலை 364, பிஇ 16
2021-22: 35.49, விலை 494, பிஇ 14
2022-23: 56.29, விலை 524, பிஇ 9.3
2023-24: 68.44, விலை 752, பிஇ 11
2024-25: 79.44, விலை 771, பிஇ 9.7

பிஇயை மட்டும் நம்பினால் 321 ரூபாய்க்குக் கிடைத்தபோது பங்கு படுபயங்கர விலை. 771 ஆனபோது படுமலிவு. இதைப் பார்த்த பிறகுதான் பிஇ போடுவதற்கு முன்னால் லாபத்தை நிமிர்த்த வேண்டும், அதாவது ஒதுக்கீட்டால் வரும் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய வேண்டும் என்று புரிந்தது.

நிமிர்த்துவது எப்படி? செயல்பாட்டு லாபத்தை எடுங்கள். ஒதுக்கீடும் வரியும் கழிப்பதற்கு முன்னால் இருக்கும் லாபம் அது. அந்த வருடம் உண்மையில் ஒதுக்கிய தொகையை மறந்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, மொத்தக் கடனில் ஒரு சதவீதம் ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போடுங்கள்.

2018-19: செயல்பாட்டு லாபம் 55,436 கோடி. உண்மையில் ஒதுக்கியது 53,829 கோடி, கிட்டத்தட்ட முழுவதும்! மொத்தக் கடன் சுமார் 22.93 லட்சம் கோடி. அதில் ஒரு சதவீதம் 22,930 கோடி. கழித்தால் 32,500 கோடி. அப்போதைய வரி 35 சதவீதம் போக 21,100 கோடி. அன்று இருந்த 892.46 கோடிப் பங்குகளால் வகுத்தால் பங்குக்கு 23.7 ரூபாய். விலை 321. பிஇ 13.6.

2024-25: செயல்பாட்டு லாபம் 1,10,579 கோடி. மொத்தக் கடன் சுமார் 42.2 லட்சம் கோடி. ஒரு சதவீதம் 42,200 கோடி. உண்மையில் ஒதுக்கியதோ அதில் பாதிகூட இல்லை, ஏனென்றால் வாராக்கடன் 1.82 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. கழித்தால் 68,400 கோடி. 25 சதவீதம் சொச்சம் வரி போக 51,150 கோடி. பங்குக்கு 57.3 ரூபாய். விலை 771. பிஇ 13.5.

இதை முதல் தடவை போட்டபோது ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் போட்டேன். 331 என்று தெரிந்ததும் 9.7 என்று தெரிந்ததும் ஏறக்குறைய ஒரே மதிப்பீடு. இந்த ஆறு வருடத்தில் விலை 2.4 மடங்கு ஆனது. நிமிர்த்திய லாபமும் 23.7லிருந்து 57.3 ஆகி, அதே 2.4 மடங்குதான் வளர்ந்திருக்கிறது. விலை ஏறியது அந்த வளர்ச்சியால்.

ஒரு சதவீதம் என்பது என் தேர்வு, வேதவாக்கு இல்லை. பழைய நல்ல வருடத்தையும் கெட்ட வருடத்தையும் சேர்த்துப் பார்த்து, பெரிய அரசு வங்கிக்கு இதை வைத்துக்கொள்கிறேன். ஒன்றரை சதவீதம் வைத்தால் இரண்டு பிஇயும் 20ஐ ஒட்டிப் போகும். ஆனால் ஒன்றுக்கொன்று அப்போதும் பக்கத்தில்தான் இருக்கும். அடமானம் இல்லாத சிறுகடன் அதிகம் கொடுக்கும் வங்கிக்கு இரண்டு, இரண்டரை வைக்க வேண்டிவரும். வீட்டுக்கடனும் நகைக்கடனும் அதிகம் என்றால் குறைக்கலாம்.

படி 4: துணை நிறுவனங்களைக் கழிப்பது

771 ரூபாயில் ஸ்டேட் வங்கி மட்டும் இல்லை. எஸ்பிஐ லைஃபில் 55 சதவீதத்துக்கு மேல், எஸ்பிஐ கார்டில் 68 சதவீதத்துக்கு மேல் அதன் கையில் இருக்கிறது. இரண்டும் சந்தையில் பட்டியலானவை. அவற்றின் சந்தை மதிப்பை எடுத்து, அதில் ஸ்டேட் வங்கிக்கு உரிய பகுதியைக் கணக்கிட்டு, 892.46 கோடியால் வகுத்தால் 2025 மார்ச்சில் பங்குக்கு 150லிருந்து 160 ரூபாய் வந்தது. நான் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துத்தான் எடுப்பேன், ஏனென்றால் அந்தப் பங்குகளை வங்கி நாளைக்கே விற்றுப் பணமாக்கப் போவதில்லை. 125 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வங்கிக்கு மட்டும் கொடுக்கும் விலை 646. நிமிர்த்திய லாபத்தில் வகுத்தால் பிஇ 11.3.

துணை நிறுவனம் இல்லாத சின்ன வங்கிக்கு இந்தப் படியே தேவையில்லை.

படி 5: வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது

நெஸ்லே போல உணவுப் பொருள் விற்கும் கம்பெனியோடு ஒப்பிடாதீர்கள். கடன் வளர வளர வங்கிக்கு மூலதனமும் வேண்டும். அதனால் லாபம் முழுவதையும் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிட முடியாது. வங்கியின் பிஇ எப்போதுமே குறைவாக இருக்க இது ஒரு பெரிய காரணம். அரசு வங்கியை அரசு வங்கியோடும் தனியார் வங்கியைத் தனியார் வங்கியோடும் வையுங்கள். அதைவிட நல்லது, அதே வங்கியின் நிமிர்த்திய பிஇயை ஏழெட்டு வருடத்துக்குப் போட்டுப் பார்ப்பது.

சரிபார்க்க ஒரு குறுக்கு வழியும் உண்டு. விலையைப் புத்தக மதிப்பால் (சொத்தில் கடன்களைக் கழித்தால் பங்கு ஒன்றுக்கு மிஞ்சுவது) வகுத்து வரும் எண்ணை, பங்குதாரர் மூலதனத்தின் மீதான லாப விகிதத்தால் வகுத்தால் பிஇ வந்துவிடும். புத்தக மதிப்பின் ஒன்றரை மடங்கு விலையில் இருக்கும் வங்கி 15 சதவீதம் சம்பாதித்தால் பிஇ 10. 10 சதவீதம்தான் சம்பாதிக்கிறது என்றால் 15. பிஇ குறைவாகத் தெரியும்போது, அந்த 15 சதவீதம் நிலைக்குமா என்ற கேள்வியை இது உங்கள் முன் வைக்கும்.

தொடர்ந்து நஷ்டத்தில் இருக்கும் வங்கிக்கு இதில் எதையும் போடாதீர்கள். 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி மூன்று நிதியாண்டுகள் தொடர்ந்து நஷ்டம் காட்டியது. 2020 நவம்பரில் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டபோது பங்குதாரர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. நம் ஊர்ப்பக்கம் தலைமுறை தலைமுறையாக அந்தப் பங்கை வைத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. அப்படிப்பட்ட வங்கியில் முதலில் பார்க்க வேண்டியது மூலதனப் போதுமை விகிதம், அதாவது கொடுத்த கடன்களின் ஆபத்தைத் தாங்க வங்கியிடம் எவ்வளவு மூலதனம் இருக்கிறது என்ற கணக்கு.

பிற்சேர்க்கை 1 (செப்டம்பர் 2025)

எச்டிஎஃப்சி வங்கிக்குப் பிஇ 11தான் வருகிறது, அதுவும் ஸ்டேட் வங்கி போல மலிவாகிவிட்டதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஆகஸ்ட் இறுதியில் அந்த வங்கி ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது கையில் இருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இலவசமாக இன்னொரு பங்கு கொடுத்தது. விலை பாதியாகி 970 ரூபாய் அளவுக்கு வந்தது. அவர் எடுத்ததோ 2024-25 அறிக்கையில் இருந்த 88 ரூபாய் லாபம், போனஸுக்கு முந்தைய கணக்கு. அதையும் பாதியாக்கி 44 என்று போட்டால் பிஇ 22. போனஸ், முகமதிப்புப் பிரிப்பு (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) இரண்டிலும் இதே சிக்கல் வரும். நம்மில் பலர் இதில் மாட்டிக்கொள்வதால், பங்கு ஒன்றுக்கான லாபத்தை எடுக்காமல் மொத்த லாபத்தை இன்றைய பங்கு எண்ணிக்கையால் வகுப்பதே பாதுகாப்பு.

பிற்சேர்க்கை 2 (நவம்பர் 2025)

ஸ்டேட் வங்கிக்கும் அதே திருத்தம் தேவைப்படுகிறது. ஜூலையில் 817 ரூபாய் விலையில் புதுப் பங்குகளை விற்று 25,000 கோடி திரட்டினார்கள். 30.6 கோடிப் பங்குகள் கூடின. இனி 892.46ஆல் வகுக்காதீர்கள், 923 கோடியால் வகுங்கள்.

கடைசி நான்கு காலாண்டு லாபம் கேட்டவர்களுக்கு: முழு ஆண்டு 70,901 கோடி, அதோடு இந்த அரையாண்டு 39,320 கோடியைக் கூட்டி, போன வருடம் இதே அரையாண்டின் 35,366 கோடியைக் கழியுங்கள். 74,855 கோடி வரும். பங்குக்கு 81 ரூபாய். ஆனால் செப்டம்பர் காலாண்டின் 20,160 கோடி லாபத்துக்குள் யெஸ் வங்கியில் வைத்திருந்த பங்குகளில் ஒரு பகுதியை விற்றதால் வந்த 4,593 கோடி இருக்கிறது. அடுத்த வருடம் அது வராது. வரியைப் பார்க்காமல் அப்படியே கழித்தால் பங்குக்கு 76 ரூபாய்தான். இதேபோல 2023 டிசம்பர் காலாண்டில் ஓய்வூதியத்துக்காக ஒரே தடவையாக 7,100 கோடி செலவு வந்தது. அந்த ஆண்டுக்குப் போடும்போது அதைத் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஒருமுறை வரவு செலவெல்லாம் முடிவு பிடிஎஃபில் தனி வரிசையில் இருக்கும், அதற்கான விளக்கம் கீழே குறிப்புகளில் பொடி எழுத்தில் இருக்கும். அந்தக் குறிப்புகளைப் படித்து முடித்த பிறகே படி 3க்கு வாருங்கள்.