துருப்பிடித்த பழைய தோசைக்கல்லைப் பழக்குவது எப்படி?

ஊர் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பத்தாவின் தோசைக்கல் கிடைத்தது. நல்ல கனமான வார்ப்பிரும்பு, இரண்டு பக்கமும் செங்கல் நிறத்தில் துரு. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் சித்தப்பா. எனக்கு மனசு வரவில்லை, சென்னைக்குத் தூக்கி வந்துவிட்டேன். நான்கு வருடத்தில் மூன்று நான்ஸ்டிக் தவா வாங்கி, பூச்சு உரிந்து, தூக்கிப் போட்ட வீடு இது. உரிந்த பூச்சை வீட்டில் சரிசெய்ய வழி கிடையாது. இரும்பில் துருவைத் தேய்த்து எடுத்தால் அடியில் நல்ல இரும்பு அப்படியே இருக்கிறது. இப்போது எட்டு மாதமாக அந்தக் கல்லில்தான் எங்கள் வீட்டுத் தோசை.

தேய்க்கும் முன் கல்லைத் தூக்கிப் பிடித்து விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி. சத்தம் அமுங்கினாற்போல் இருந்தால் எங்கோ விரிசல் இருக்கலாம். வார்ப்பிரும்பு உறுதியானதுதான், ஆனால் வளையாது, உடையும். அதனால் விரிசல் விட்ட கல்லை அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

அடுத்து துரு. எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்துக் கல் முழுக்கப் பூசி, அரை மணி நேரம் விடுங்கள். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் துருவை இளக்கிவிடும். இரவு முழுக்க ஊற வைக்க வேண்டாம், துரு போன இடத்தில் நல்ல இரும்பையே அரிக்கும். பிறகு கல் உப்பைத் தூவிக் கம்பி நாரால் தேய்க்க வேண்டியதுதான். உப்புத்தாள் போட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் கீறல் விழும் என்பதால் எனக்குப் பிடிக்காது. கை வலிக்கத்தான் செய்யும். நான் மூன்று முறை தேய்த்தேன். மூன்றாவது முறை தேய்க்கும்போது ஓரத்தில் உளியால் பொளித்த ஓர் எழுத்து தெரிந்தது, அப்பத்தா பெயரின் முதல் எழுத்து. அதற்கப்புறம் கை வலி தெரியவில்லை.

சோப்புப் போட்டு ஒரு தடவை கழுவி, துடைத்து, உடனே அடுப்பில் வைத்துவிடுங்கள். தானாகக் காயட்டும் என்று விட்டால் சில நிமிடத்திலேயே மெல்லிய செம்மை படர ஆரம்பிக்கும்.

இனி எண்ணெய். நான் தடுமாறிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முதல் தடவை, எண்ணெய் நிறைய இருந்தால் நல்லது என்று நினைத்து, கல் மினுமினுக்கத் தடவிச் சூடாக்கினேன். மறுநாள் காலை தொட்டால் பலாப்பிசின் மாதிரி விரலில் ஒட்டியது. தோசை வார்த்தால் பாதி கல்லோடு, பாதி திருப்பியோடு. நடந்தது இதுதான்: எண்ணெய் நல்ல சூட்டில் இறுகி, இரும்போடு ஒட்டிய கெட்டியான படலமாக மாற வேண்டும். மெல்லிய படலம்தான் முழுவதும் இறுகும். கனமாக இருந்தால் சரியாக இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். மறுபடி புளி, மறுபடி தேய்ப்பு.

சரியான முறை இது. கல் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது அரை ஸ்பூன் நல்லெண்ணெயை இரண்டு பக்கமும் தடவுங்கள். உடனே ஒரு காய்ந்த பழைய வேட்டித் துணியால், தடவியதே தப்பு என்பது போல அழுத்தித் துடைத்துவிடுங்கள். கல்லில் எண்ணெயே இல்லை என்று தோன்ற வேண்டும். இருக்கும், அது போதும். ஜன்னலைத் திறந்து வைத்து மிதமான தீயில் ஏற்றினால் புகை வரும். புகை அடங்கும்வரை விட்டு, அணைத்து, தானாக ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் கல் விரிசல் விடலாம். இப்படி நான்கு முறை செய்ததும் சாம்பல் நிறம் பழுப்பாகி, அப்புறம் கறுப்பாகியது.

எண்ணெய் விஷயத்தில் எனக்கு நல்லெண்ணெய்தான். சூரியகாந்தி எண்ணெயும் பரவாயில்லை. தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதில் நிறைவுற்ற கொழுப்பு மிக அதிகம் என்பதால் எளிதில் இறுகாது.

முதல் வாரம் முறுகல் தோசைக்கு ஆசைப்படாதீர்கள். எண்ணெய் கொஞ்சம் தாராளமாகக் கேட்கும் ஊத்தப்பம், அடை போடுங்கள். ஒவ்வொரு தடவையும் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேயுங்கள். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று உடனே வற்ற வேண்டும். துளிகள் உருண்டு ஓடினால் சூடு அதிகம், மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். தீயைக் குறைத்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து வார்த்தால் சரியாகிவிடும். எனக்குப் பத்தாவது நாள், ஓரம் தானாக எழும்பித் திருப்பிக்கு வேலையே இல்லாமல் முதல் தோசை வந்தது.

தினமும் சோப்பு தேவையில்லை. இளஞ்சூட்டில் துடைத்து, சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் போதும். ஊறப்போடவே கூடாது.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் இரண்டு சிக்கல் சொன்னார்கள். ஒன்று, இண்டக்‌ஷன் அடுப்பு. இரும்பு அதில் சூடாகும், ஆனால் பழைய கற்களுக்கு அடி லேசாகக் குழிந்தோ புடைத்தோ இருக்கும், சரியாக உட்காராது. வாங்கும் முன் தட்டையான தரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். இன்னொன்று, நன்றாக வந்துகொண்டிருந்த தோசை திடீரென்று ஒட்ட ஆரம்பித்தது. கேட்டுப் பார்த்தால், அதே கல்லில் சப்பாத்தி சுட்டிருக்கிறார்கள். எண்ணெயில்லாமல் அதிக சூட்டில் காயும்போது படலம் தீய்ந்து போகிறது. சப்பாத்திக்குத் தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒட்டுகிறது என்றால் முழுக்கத் தேய்க்க வேண்டாம், எண்ணெய் தடவித் துடைத்துச் சூடாக்குவதை இரண்டு முறை செய்தால் கல் திரும்ப வழிக்கு வந்துவிடும்.