ஜனவரிப் பனியில் மர்மோட்டை உட்கார வைக்காதீர்கள்

ஒரு சிறுவர் இதழுக்காக ஆல்ப்ஸ் மலைக்காட்சி வரைந்திருந்தேன். மலை முழுக்கப் பனி. நடுவில் கொழுகொழுவென்று ஒரு மர்மோட் (வளையில் வாழும் பெரிய அணில் இன விலங்கு), பக்கத்தில் ஒரு பழுப்பு முயல். அச்சாகி வந்ததும், செந்தூலில் என்னிடம் ஓவியம் படிக்கும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை கேட்டாள்: “டீச்சர், வெள்ளைப் பனியில பழுப்பா இருந்தா முயல கழுகு பிடிச்சிடாதா?”

அவள் கேட்டதுதான் சரி. ஆல்ப்ஸின் மலைமுயல் குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும். காது நுனி மட்டும் கறுப்பாகவே இருக்கும். மர்மோட்டை வரைந்தது அதைவிடப் பெரிய பிழை. அக்டோபர் வாக்கில் குடும்பத்தோடு வளைக்குள் போய்ப் படுத்தால் எழுந்திருக்க ஏப்ரல் ஆகிவிடும்.

இந்தத் தவறு நமக்கு எளிதாக வரும். கோலாலம்பூரில் மழையும் வெயிலும்தான் பருவம். மரம் எப்போதும் பச்சை. அதனால் பென்சிலை எடுக்குமுன் மாதத்தை முடிவு செய்துவிடுங்கள். ஜூலை என்றால் புல்வெளி, பூக்கள், மர்மோட், பழுப்பு முயல். ஜனவரி என்றால் பனி, வெள்ளை முயல், வெள்ளை டார்மிகன் பறவை, பூ வேண்டாம். லார்ச் மரத்தைக் குளிர்காலத்தில் பச்சையாகத் தீட்டுவதும் பிழைதான். ஊசியிலை மரம் என்றாலும், இலையுதிர் காலத்தில் பொன்னிறமாகி எல்லாவற்றையும் உதிர்த்துவிடும்.

அடுத்தது உயரம். பினாங்குக் கொடிமலை 833 மீட்டர், உச்சி வரை காடு. ஆல்ப்ஸில் ஏறக்குறைய 2,000 மீட்டரைத் தாண்டினால் மரங்கள் அருகிப் போய்விடும். அதற்கு மேலே செடிகள் காற்றுக்குப் பயந்து தரையோடு ஒட்டி, மெத்தை மாதிரி படர்ந்திருக்கும். அங்கே நெட்டைத் தண்டில் பூ ஆடக்கூடாது.

எடல்வைஸ் பூவை மல்லிகை மாதிரி வழவழவென்று வரைகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் அந்தப் பூவின் அழகே அதன் ரோமத்தில் இருக்கிறது. வெள்ளையாகத் தெரிபவை இதழ்களே அல்ல, பஞ்சு போன்ற ரோமம் போர்த்திய இலைகள். உண்மையான பூக்கள் நடுவில் சின்னச் சின்ன மஞ்சள் மொட்டுகளாகக் கூடியிருக்கும். முதலில் சாம்பல் கலந்த பச்சையை மெல்லிசாகப் பூசுங்கள். காய்ந்த பிறகு, தண்ணீரை ஒற்றி எடுத்த தூரிகையால் வெள்ளை குவாஷை (கெட்டியான நீர்வண்ணம்) தொட்டு ஓரங்களில் இழை இழையாக இழுங்கள். ரோமம் வந்துவிடும்.

கொம்பிலும் கவனம் வேண்டும். இணையத்தில் ‘மலை ஆடு’ என்று தேடினால் நம் வரையாடு முதல் அமெரிக்க வெள்ளாடு வரை எல்லாம் கலந்து வரும். ஆல்ப்ஸின் ஆண் ஐபெக்ஸுக்குப் பின்னோக்கி வளைந்த நீளக் கொம்பு, முன்பக்கம் கணுக்கணுவாகப் புடைப்பு. பெண்ணுக்குக் கொம்பு குட்டை. ஷாமுவா வேறு விலங்கு: நுனி மட்டும் கொக்கிபோல் வளைந்த சிறு கொம்பு, முகத்தில் கண் வழியாக ஓடும் கறுப்புப் பட்டை. பிள்ளைகளுக்குப் பிடிக்க வேண்டும் என்று கண்ணைப் பெரிதாக வரையுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் கண்மணியை வட்டமாக்கிவிடாதீர்கள். ஆட்டின் கண்மணி படுக்கைக்கோடாகத்தான் இருக்கும். அது மாறினால் நாய்க்குட்டி முகம் வந்துவிடும்.

அப்புறம் ஜென்ஷியன் பூவின் நீலம். தாளில் கண்ணைப் பறிக்கும் அந்த அல்ட்ராமரின், நான்கு வண்ண அச்சில் ஊதாவாகச் சரிந்துவிடும். படக்கோப்பை அச்சுக்கு மாற்றும்போது மெஜந்தாவைக் குறையுங்கள். இதழ் அச்சாகும் அதே தாளில் ஒரு மாதிரி எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பனிக்கு வெள்ளை வர்ணம் வேண்டாம், தாளை அப்படியே விடுங்கள். நிழலுக்கு மட்டும் வெளிர் நீலம். நம் ஊர் ஈரக்காற்றில் அந்த நீலம் சீக்கிரம் காயாது, பக்கத்து வெள்ளைக்குள் ஊர்ந்து போகும். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துக் காய வைத்துவிட்டு, அதற்கப்புறம் முயலின் காது நுனிக்குக் கறுப்பைத் தொடுங்கள்.