லாபிக்குக் கடிவாளம் போடும் சட்டம்: வரைவிலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமைச்சர்களையும் அதிகாரிகளையும் நிறுவனங்கள் திரைமறைவில் வளைப்பதை, அதாவது லாபியை, கட்டுப்படுத்த, மாதிரிச் சட்டம் எழுதப் புதிது புதிதாகக் குழுக்கள் கிளம்புகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அவர்களுடைய வரைவுகளைப் புரட்டினால், முன்பு நாங்களே எழுதிக் கெடுத்த அதே பிரிவுகள் அச்சு அசலாகத் திரும்ப வருகின்றன. லஞ்சம் கூடாது, விலையுயர்ந்த பரிசு கூடாது என்பதெல்லாம் யாரும் மறக்காத சங்கதி. அவற்றை இங்கே எடுக்கவில்லை.

"லாபிக்காரர் யார்?" என்று தொடங்குவது

வரைவின் உயிர் போவது இங்கேதான். எழுத உட்காரும் எல்லோரும் முதலில் ஆளை வரையறுக்கிறார்கள். ஆளை வரையறுத்தால், அந்தக் கோட்டுக்கு ஓர் அடி வெளியே நின்றுகொள்வது யாருக்கும் கஷ்டமில்லை. விசிட்டிங் கார்டில் பதவிப் பெயரை மாற்றினால் போதும்.

பிரிட்டன் 2014இல் கொண்டுவந்த சட்டம், பிறருக்காகப் பணம் வாங்கி லாபி செய்யும் ஆலோசகர்களை மட்டும் லாபிப் பதிவேட்டில் பெயர் பதியச் சொல்கிறது. நிறுவனத்தின் சொந்த ஊழியர் எத்தனை முறை அமைச்சரைப் பார்த்தாலும் பதிய வேண்டாம். 2020இல், பெருந்தொற்றுக் காலக் கடன் திட்டத்தில் கிரீன்சில் கேப்பிட்டல் நிறுவனத்துக்கு இடம் கேட்டு, முன்னாள் பிரதமர் டேவிட் கேமரூன் நிதியமைச்சர் ரிஷி சுனக்கின் கைப்பேசிக்கே குறுஞ்செய்தி அனுப்பினார். விவகாரம் வெடித்ததும் அந்தப் பதிவேட்டுக்குப் பொறுப்பான பதிவாளர் விசாரித்தார். கேமரூன் அந்த நிறுவனத்தின் ஊழியர், ஆகவே பதியத் தேவையில்லை என்று 2021 மார்ச்சில் முடிவு சொன்னார். பதிவாளர் மீது பிழையில்லை. சட்டம் எழுதப்பட்ட விதம் அப்படி.

அமெரிக்காவின் 1995ஆம் ஆண்டுச் சட்டம் வேறு விதமாகச் சறுக்கியது. மூன்று மாதத்தில், ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்த வேலையில் லாபி 20 சதவீதத்தைத் தொட்டால்தான் அவர் லாபிக்காரர். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 40 மணி, 13 வாரம், மொத்தம் 520 மணி. 104 மணியைத் தொடாதவரை முழுநேர ஊழியர் பதிய வேண்டியதில்லை. ஆலோசகர்களுக்கு இன்னும் சுலபம். 100 மணி வேலையில் 30 மணி லாபி என்றால் 30 சதவீதம், மாட்டிக்கொள்வார். லாபியோடு ஒட்டாத வணிக ஆலோசனை என்று மேலும் 60 மணி சேர்த்துவிட்டால் மொத்தம் 160, லாபி 18.75 சதவீதமாக இறங்கிவிடும். தட்டிய கதவுகள் அதேதான், பதிவேட்டில் மட்டும் பெயர் இருக்காது. செனட்டின் முன்னாள் பெரும்பான்மைத் தலைவர் டாம் டாஷ்ல் 2004 தேர்தலில் தோற்ற பிறகு, பல ஆண்டுகள் கொள்கை ஆலோசகர் என்ற பெயரிலேயே இயங்கினார். லாபிக்காரராகப் பதிந்தது 2016இல்.

இவ்வளவும் ஊரறிய நடந்த பிறகும், "தன் பணி நேரத்தில் கணிசமான பகுதியை" என்ற சொற்களை இன்றைய வரைவுகளில் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. அடித்துவிடுங்கள். சதவீதமும் வேண்டாம், "கணிசமான" என்பதும் வேண்டாம்.

ஆளுக்குப் பதில் செயலை வரையறுங்கள். ஊதியம் பெற்றோ ஒரு நிறுவனத்தின் சார்பிலோ, முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவரிடம், குறிப்பிட்ட ஒரு சட்டம், டெண்டர், உரிமம், வரி, மானியம் பற்றி ஒரு முறை பேசினாலும் அது லாபி. எந்த வழியில் பேசினார் என்பதைச் சட்டம் பார்க்கவே கூடாது. ஸ்காட்லாந்தின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் நேருக்கு நேர் பேசுவதையும் வீடியோ அழைப்பையும் மட்டும் கணக்கில் எடுத்தது. போன், மின்னஞ்சல், குறுஞ்செய்தி எல்லாம் தப்பித்தன.

முடிவெடுக்கும் இடம் என்றால் அமைச்சர் மட்டுமில்லை. அவருடைய அரசியல் ஆலோசகர், கோப்பு எழுதும் அதிகாரி, குழு உறுப்பினர் எல்லோரையும் பதவிப் பெயரோடு அட்டவணையில் சேருங்கள். பிரிட்டன் சட்டம் அமைச்சர்களோடும் துறையின் நிரந்தரச் செயலாளர்களோடும் நின்றுவிட்டது. அமைச்சரின் ஆலோசகரிடம் பேசினால் பதிய வேண்டாம். வேலை தெரிந்தவர் முதலில் தேடிப் போவதே அந்த ஆலோசகரைத்தான்.

விலக்குகளையும் இந்தப் பிரிவிலேயே எழுதிவிடுங்கள்: தன் சொந்தக் குறையைச் சொல்லும் குடிமகன், பொது விசாரணையில் சொன்ன கருத்து, அதிகாரி கேட்டதற்குக் கொடுத்த வெறும் தகவல். அயர்லாந்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் பத்துக்கு மேல் ஊழியர் உள்ள நிறுவனங்கள் வரம்புக்குள் வருகின்றன. நில வகை மாற்றம் பற்றிப் பேசினால் மட்டும், சொந்த வீட்டைத் தவிர, யாராக இருந்தாலும் பதிய வேண்டும். ஊழல் நாறும் இடம் எதுவென்று தெரிந்து எழுதிய பிரிவு அது.

ஒரு பக்கத்தை மட்டும் பதியச் சொல்வது

லாபிக்காரர் தரும் பட்டியலை எதனோடு ஒப்பிடுவது? சிலி 2014இல் சுமையை அதிகாரி மேல் வைத்தது: யாரைச் சந்தித்தேன், யார் செலவில் பயணம் போனேன், என்ன பரிசு வந்தது என்பதை அவரே வெளியிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணையர்களும் 2014 டிசம்பரிலிருந்து சந்திப்புகளை இரண்டு வாரத்துக்குள் வெளியிட்டு வருகிறார்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத பெயர் உடனே கண்ணில் படும்.

"பொதுவான விஷயங்கள் பேசப்பட்டன"

இப்படி எழுதிய படிவத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் பதிவாளருக்கு வேண்டும். மசோதா எண், பிரிவு, கேட்ட மாற்றம்: மூன்றும் கட்டாயம்.

தாமதமான கெடு

அமெரிக்காவில் காலாண்டு முடிந்து 20 நாளில் அறிக்கை தர வேண்டும். ஏப்ரல் 1 அன்று நடந்த பேச்சு ஜூலை 20 வரை, 110 நாள், வெளியே தெரியாமல் இருக்கலாம். அதற்குள் மசோதா நிறைவேறிவிடும். கனடா அடுத்த மாதம் 15ஆம் தேதியைக் கெடுவாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் போகாதீர்கள்.

முழுத் தடை

வேண்டாம். அரசிடம் முறையிடும் உரிமையில் கைவைத்தால் நீதிமன்றத்தில் நிற்காது.

பல்லில்லாத காத்திருப்புக் காலம்

பதவி விலகியவர் உடனே லாபிக்குப் போகாமல் தடுக்க, அமெரிக்காவில் கீழவை உறுப்பினருக்கு 1 ஆண்டு, செனட்டருக்கு 2 ஆண்டு, கனடாவில் 5 ஆண்டு என்று வைத்திருக்கிறார்கள். ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருக்காமல், எதைத் தடுக்கிறீர்கள் என்று பாருங்கள். "தொடர்பு கொள்ளக் கூடாது" என்று மட்டும் எழுதினால், அவர் பின்னால் உட்கார்ந்து யாரிடம் எப்படிப் பேசுவது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். ஆலோசனையையும் தடையில் சேர்க்க வேண்டும். அயர்லாந்து 1 ஆண்டுத் தடை போட்டது. மீறினால் என்ன தண்டனை என்று எழுதவில்லை. 2023 திருத்தத்தில்தான் 25,000 யூரோ வரை அபராதம் வந்தது.

வழக்கை மட்டும் நம்பும் தண்டனை

தாமதமான ஒரு படிவத்துக்காக எந்த அரசும் குற்ற வழக்குப் போட்டுக்கொண்டிருக்காது. அயர்லாந்தில் படிவம் தாமதமானால் 200 யூரோ கட்டச் சொல்லி நோட்டீஸ் போகும். கட்டாவிட்டால்தான் வழக்கு. தொகை சின்னதுதான், ஆனால் அடுத்த முறை படிவம் தேதிக்குள் வந்து சேரும்.