பார்பிசோனில் தேன்நிலவு: மலையகத்திலிருந்து புறப்படுவோருக்கு

தேன்நிலவுக்குப் பிரான்ஸ் செல்லத் தீர்மானித்தவர்கள், ஒரே வாரத்தில் ஐந்து நகரங்களைச் சுற்றிக் களைத்துப்போகாமல், ஓவியர்கள் வாழ்ந்த சிறு கிராமம் ஒன்றில் நான்கைந்து நாட்கள் தங்குவதே நல்லது. பாரிஸுக்குத் தென்கிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில், ஃபொன்தேன்புளோ காட்டின் ஓரத்தில் இருக்கும் பார்பிசோன் அதற்குப் பொருத்தமான இடம்.

முதலில் விசா. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாட்கள் வரை இழுத்தடிக்கக் கூடாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். கைரேகை பதிய இருவரும் நேரில் கொழும்புக்குச் செல்ல வேண்டியிருப்பதால், ஹட்டன் பக்கத்தவர்கள் அன்று காலைப் புகையிரதத்தை நம்பாமல் முதல்நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். மணமகளின் கடவுச்சீட்டில் பழைய பெயர் இருந்தால் விமானச்சீட்டிலும் அதே பெயரே இருக்க வேண்டும்.

பார்பிசோனில் புகையிரத நிலையம் கிடையாது. பாரிஸின் கார் த லியோன் நிலையத்திலிருந்து ஃபொன்தேன்புளோ-ஆவோனுக்குச் சுமார் 40 நிமிடங்கள். மிச்சத் தூரத்துக்கு வாடகைக் கார் பிடிக்க வேண்டும். சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுங்கள். கிராமத்து உணவகங்களில் பகல் இரண்டு மணிக்குப் பிறகு ஏழு மணிவரை பெரும்பாலும் சாப்பாடு கிடைக்காது என்பதால், பாரிஸின் லா சப்பலில் உள்ள நம்மவர் கடைகளில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

ஞாயிற்றுக்கிழமை பாரிஸ்காரர்களால் தெரு நிறைந்துவிடும். செவ்வாய்க்கிழமை ஓவியர் அருங்காட்சியகம் மூடியிருக்கும். அந்த அருங்காட்சியகம், 19ஆம் நூற்றாண்டில் ஓவியர்கள் தங்கிய கான் குடும்பத்தின் விடுதிதான். மழைநாட்களில் வெளியே போக முடியாத அந்த ஓவியர்கள் கதவுகளிலும் அலுமாரிகளிலும் வரைந்துவைத்ததை இன்றும் அருகில் நின்று பார்க்கலாம். 1849இல் குடியேறி 1875இல் இறக்கும்வரை ஓவியர் மில்லே வாழ்ந்த வீடும் அதே தெருவில்தான் இருக்கிறது. கதிர் பொறுக்கும் பெண்களை அவர் வரைந்த மூல ஓவியம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. அதை முதலில் பார்த்துவிட்டு வந்தால் ஊருக்கு வெளியே விரியும் சமவெளி சட்டெனப் புரியும்.

காட்டுக்குள் நடக்கும்போது நீளக் காற்சட்டை அணியுங்கள். அட்டைக்குப் பழகிய நாம் உண்ணியை அலட்சியமாக நினைப்போம். அட்டை குடித்துவிட்டுத் தானே விழுந்துவிடும். உண்ணியோ முழங்காலின் பின்புறத்தில் எள்ளளவாக ஒட்டிக்கொண்டு நாட்கணக்கில் இருக்கும். உப்போ சவர்க்காரமோ தடவாமல், சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். பின்னர் அவ்விடத்தில் சிவப்பு வளையம் பரவினால், ஊர் திரும்பிய பிறகானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.